சார் என்ன சொன்னாரு?

"உனக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்பாடா. அப்ப நான் சொல்றதை இவங்களுக்குச் சொல்லு. அப்படியே சொல்லணும், புரியுதா?"

"சரி சார்."

பேக்கிங் மேனேஜர் பத்ரிநாராயணன் சென்னையிலிருந்து வந்து அன்றோடு நான்கு நாள் ஆகியிருந்தது. தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. இந்தியில் 'ஜல்தி', 'நஹி' இரண்டும் தெரியும். ஹைதராபாத் நாச்சாரத்தில் இருந்த அந்த மருந்துத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவருக்கு எதிரே நீலக் கோட்டும் தலைத் தொப்பியுமாக இருபத்திரண்டு பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்திக்குத்தான் தமிழ் தெரியும். லாலாகுடாவிலிருந்து வரும் மரியபுஷ்பம். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைக்குப் போனால் ஹைதராபாத் இந்தி. வயது நாற்பத்தெட்டு. மருந்துப் பெட்டிகள் நகர்ந்து வரும் இந்த பெல்ட்டின் முன்னால் உட்கார்ந்து பதினோரு வருடம்.

"கேட்டுக்கோ. கண் இருக்கு, கை இருக்கு, தலைக்குள்ள என்ன இருக்கு, சாணியா? நாலு எருமையைப் புடிச்சிட்டு வந்து இந்த பெல்ட் முன்னாடி கட்டினா, ஒரே வாரத்துல அதுங்க கத்துக்கும். உங்களையெல்லாம் வீட்ல எப்படித்தான் வெச்சிருக்காங்களோ. ம், சொல்லு."

மரியபுஷ்பம் திரும்பினாள். தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவிலிருந்து இருபத்தொரு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்தன. பாதிப் பேர் அவளோடு வருடக்கணக்காகச் சாப்பாட்டு டப்பாவைப் பங்கு போட்டவர்கள்.

"பார்த்து வேலை செய்யணும்னு சார் சொல்றாரு" என்றாள் தெலுங்கில்.

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் பத்ரிநாராயணன்.

"என்ன சார்?"

"நான் அரை நிமிஷம் பேசினேன். நீ நாலு வார்த்தையில முடிச்சுட்டே."

"தெலுங்குல சுருக்கமா வரும் சார்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். நம்பிவிட்டார்.

மதியம் கேன்டீனில் நஸ்ரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அந்த லைனைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் செக்கர். மல்காஜ்கிரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாய். சம்பாதிக்கிற ஆள் இவள் ஒருத்தி. மரியபுஷ்பத்தை விடப் பன்னிரண்டு வயது சின்னவள். அக்கா என்பதற்கு உருதுவில் 'பாஜி' என்றுதான் கூப்பிடுவாள்.

"பாஜி, நிஜமாச் சொல்லு. சார் என்ன சொன்னாரு?"

"பார்த்து வேலை செய்யச் சொன்னாரு."

"அதுக்குக் கழுத்து நரம்பு ஏன் அப்படிப் புடைக்குது?"

"தமிழ் அப்படித்தான். நரம்பு புடைக்காம வராது."

"நீயும் தமிழ்தானே? உனக்குப் புடைக்கக் காணோமே."

"நான் செகந்திராபாத் தமிழ்."

எதிரே உட்கார்ந்திருந்த அஸ்வினி வாயில் இருந்த சோற்றோடு சிரித்துப் புரையேறினாள். லைனிலேயே சின்னவள், இருபத்து நான்கு வயது, யாருக்கும் பெயர் வைப்பதில் கெட்டிக்காரி. "அவரு குக்கர், அக்கா. விசில் மட்டும்தான். மூடியைத் திறந்தா வெறும் பருப்பு."

அன்றிலிருந்து அவர் குக்கர் சார். காலை எட்டு மணி மீட்டிங் முடிந்து பெல்ட்டுக்குப் போகும்போது, "இன்னிக்கு எத்தனை விசில்?" என்று ஒருத்தி கேட்பாள், "நாலு" என்று இன்னொருத்தி சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். மரியபுஷ்பமும் சிரிப்பாள். குக்கருக்குள் என்ன வேகிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

*

"ஏன் புஷ்பம், நான் தமிழ்ல கேட்கிறேன். நீ இந்தியில பதில் சொல்றே?"

கணவர் வெஸ்லி ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து, சைக்கிளை உள்ளே ஏற்றிவிட்டுக் கேட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸின் சின்னச் சமையலறையில் அவள் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள்.

"எதுல சொன்னா என்ன?"

"இருபத்தாறு வருஷமாத் தமிழ்லயே சண்டை போட்டுட்டோம். இந்தியில போட்டா எனக்குச் சூடே ஏற மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. "பகல் பூரா தமிழ்தான் கேட்கிறேன். வீட்லயாவது விடுங்க."

"அந்த ஆள் சொல்றதை அப்படியே சொல்லிட்டுப் போயேன். நடுவுல நீ என்ன, டீ வடிகட்டியா?"

"அப்படியே சொன்னா அஸ்வினி அழும். நஸ்ரின் சாப்பிடாது."

"நீ சாப்பிடுறியா?"

அவள் குழம்பைக் கிளறினாள்.

"விட்டுடு புஷ்பம். வேற வேலை பார்த்துக்கலாம்."

"நாற்பத்தெட்டு வயசுல யாரு எடுப்பா? அதோட, நான் விட்டா வேற ஒருத்தி வருவா. அவ அப்படியே சொல்லுவா."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. வெஸ்லிக்கு அது கேட்டது.

*

அந்தப் பிரிவில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருந்தது. பெல்ட்டில் வரும் அட்டைப்பெட்டியில் தேதி அழிந்திருந்தாலும், எண் கோணலாக விழுந்திருந்தாலும், பார்த்தவள் கையைத் தூக்குவாள். நஸ்ரின் பெல்ட்டை நிறுத்துவாள். பெட்டியை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி ஓட விடுவாள். யார் தப்பு என்ற பேச்சே வராது. கை தூக்கியவளுக்கு அன்றைக்கு டீ நேரத்தில் முதல் கப். அதற்கு மேல் விருதெல்லாம் கிடையாது. ஆனால் அந்த முதல் கப்புக்கு ஒரு மரியாதை இருந்தது.

பத்ரிநாராயணனுக்கு பெல்ட் நிற்பது பிடிக்கவில்லை. இரண்டாம் மாதம் அஸ்வினி ஒரு நாள் கை தூக்க, நஸ்ரின் பெல்ட்டை நிறுத்தினாள். மறுநாள் காலை மீட்டிங்கில், சாமான் அடுக்குகிற மரப் பேலட் ஒன்றை நடுவில் இழுத்துப் போடச் சொன்னார்.

"பெல்ட்டை நிறுத்தினவ இதுமேல ஏறட்டும்."

மரியபுஷ்பம் சொன்னாள். நஸ்ரின் ஏறினாள்.

"அந்தப் பெட்டியை நெஞ்சு முன்னாடி புடிச்சுக்கிட்டு நிக்கட்டும். மீட்டிங் முடியற வரைக்கும்."

அதை எப்படிச் சுருக்குவது என்று மரியபுஷ்பத்துக்குத் தெரியவில்லை. "எல்லாருக்கும் பெட்டியைக் காட்டச் சொல்றாரு" என்றாள்.

நஸ்ரின் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், பள்ளிக்கூடத்தில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. பத்து நிமிடம். யாரும் விசில் எண்ணவில்லை.

கீழே இறங்கியதும் அஸ்வினி அவள் பின்னாலேயே ஓடினாள். "நான் கை தூக்கினேன், நீங்க நின்னீங்க பாஜி."

"விடுடி. உயரத்துல இருந்து பார்த்தா உங்க தொப்பி எல்லாம் இட்லி மாதிரி இருந்துச்சு."

அஸ்வினி சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு கை தூக்கவில்லை. மற்றவர்களும் தூக்கவில்லை. கோணலாகக் கிடக்கிற பெட்டியைப் பார்த்தால் தட்டையாக மடித்துக் கோட்டுக் கைக்குள் செருகிக்கொள்வார்கள். கோட்டுக்குப் பாக்கெட் கிடையாது. பாத்ரூமுக்குப் போகும்போது போட்டுவிடுவார்கள். பார்க்காதது போலவே விட்டவையும் உண்டு. பெல்ட் நிற்காமல் ஓடியது. சுவரில் மாட்டிய பலகையில் 'பெல்ட் நின்ற நிமிடங்கள்' என்ற கட்டத்தில் நாள்தோறும் பூஜ்யம். மேலேயிருந்து யாரோ வந்து பத்ரிநாராயணனின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

மரியபுஷ்பம் ஒரு நாள் துணிந்து மாடியில் இருந்த எச்.ஆர். அறைக்குப் போனாள். ரஷ்மி மேடம் நல்லவள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். இந்தியில்தான் பேசினார்கள்.

"என்ன சொல்லித் திட்டறாரு?"

மரியபுஷ்பம் சொன்னாள். சாணி, எருமை எல்லாவற்றையும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னபோது காது சுட்டது.

"ரொம்பத் தப்பு" என்றாள் ரஷ்மி. "எழுதிக் கொடுங்க. யார் யார் கேட்டாங்க?"

"எல்லாரும் கேட்டாங்க மேடம். யாருக்கும் புரியலை."

"அப்போ சாட்சி?"

"நான்தான்."

"நீங்க அவங்களுக்கு என்னன்னு சொன்னீங்க?"

"பார்த்து வேலை செய்யச் சொல்றாருன்னு."

ரஷ்மி பேனாவை மூடிவைத்தாள். "நான் கூப்பிட்டு விசாரிச்சா, அந்த இருபத்தொரு பேரும் என்ன சொல்லுவாங்க? சார் பார்த்து வேலை செய்யச் சொன்னாருன்னுதானே? நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

மரியபுஷ்பம் படியிறங்கினாள். தன் கையாலேயே அந்த ஆளைக் கழுவித் துடைத்து வெள்ளையாக்கி வைத்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் கத்தியபோது, அவள் வாய் பழையபடியே, "கொஞ்சம் கவனமா இருக்கணுமாம்" என்றது. வேறு என்ன சொல்வது?

*

நஸ்ரின் இரண்டாம் தடவை பேலட்டில் ஏறியது ஆகஸ்டில். தேதி அழிந்த பெட்டி ஒன்று யார் கண்ணிலும் படாமல், அல்லது எல்லார் கண்ணிலும் பட்டு, கடைசி வரை போய்விட்டது. லைன் பேப்பரில் கையெழுத்து நஸ்ரினுடையது.

அன்று பத்ரிநாராயணன் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். அதுதான் மோசம்.

"இது ரெண்டாவது. வீட்ல ஆம்பளை இல்லை, அம்மா எழுந்து நடக்க மாட்டாங்கன்னு ஊர் பூரா பிச்சைக்காரப் பாட்டு பாடிட்டு, இங்க வந்து தூங்கறா. மூணாவது தடவை இவ கையெழுத்துப் போட்ட லைன்ல தப்பு வந்துச்சு, அன்னிக்கே கார்டை வாங்கிட்டு கேட்டுக்கு வெளியே அனுப்பிடுவேன். சொல்லு."

பேலட் மேல் நஸ்ரின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருபது பெண்கள். அம்மாவைப் பற்றிச் சொன்னதை எப்படியாவது விட்டுவிட வேண்டும் என்பதுதான் மரியபுஷ்பத்தின் மனதில் முதலில் வந்தது. விட்டாள். அந்த அவசரத்தில் பின்னாலிருந்ததும் சேர்ந்து போய்விட்டது.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நல்லாப் பார்க்கணுமாம்" என்றாள்.

மீட்டிங் முடிந்ததும் அவர் ஒரு ரெஜிஸ்டரை நீட்டினார். ஆங்கிலத்தில் இரண்டு வரி.

"எச்சரிக்கை கொடுத்ததை அவ பாஷையில சொல்லிட்டேன்னு எழுதியிருக்கேன். கீழ கையெழுத்துப் போடு."

அவள் போட்டாள். மதியம் சாப்பிடும்போது நஸ்ரினைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டாள்.

மதியம் நஸ்ரின் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாஜி, ஒண்ணு கேட்கிறேன். மறைக்காமச் சொல்லு. காலையில மெதுவாப் பேசினாரே, என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனே."

"என்னை அனுப்பிடப் போறாருன்னு நினைச்சேன். அந்தப் பெட்டி மாட்டின முந்தாநாள்லேர்ந்து தொண்டையில சோறு இறங்கலை. அம்மாவுக்கு மருந்து கொடுக்கும்போது கை ஆடுது. அது கேட்குது, என்னடி, ஏன் நடுங்குறேன்னு." அவள் மரியபுஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அனுப்பறதைப் பத்தி எதுவும் சொல்லலையே?"

மரியபுஷ்பம் அவள் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"சொல்லலை. பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாரு. அவ்வளவுதான்."

"அல்லா!" நஸ்ரின் மூச்சு விட்டாள். டப்பாவைத் திறந்தாள். "தா, உன் புளிக்குழம்பை இங்க தள்ளு. மூணு நாள் பாக்கி இருக்கு."

அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மரியபுஷ்பம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் நஸ்ரின் சிரித்துக்கொண்டு வந்தாள். அதனால் அன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் சொல்வதற்குக் காரணமே இல்லாதது போல் இருந்தது.

*

நஸ்ரின் பேலட்டில் ஏறி ஒன்பதாம் நாள், வியாழன் மதியம். சர்க்கரை மாத்திரை பேக்கிங் முடிந்து ரத்த அழுத்த மாத்திரை தொடங்க வேண்டும். ஒரு மருந்து முடிந்தால், அதன் பெட்டி, உள்ளே வைக்கிற மடிப்புக் காகிதம் எதுவும் லைனில் மிச்சமில்லை என்று பார்த்துச் செக்கர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தது ஓடலாம். நஸ்ரினுக்கென்று ஒரு முறை உண்டு. மேலே எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் முட்டி போட்டு, பெல்ட்டின் கீழ்த் தகட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். காற்றுக்கு அங்கேதான் காகிதம் போய் ஒட்டிக்கொள்ளும். முழுசாக முடிக்கக் கால் மணி நேரம் ஆகும்.

பத்ரிநாராயணன் கைபேசியில் நேரத்தை ஓட விட்டுக்கொண்டு தலைமேல் நின்றார்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு. கையெழுத்துப் போடச் சொல்லு."

"கீழே இன்னும் பார்க்கலைன்னு சொல்லு பாஜி" என்றாள் நஸ்ரின்.

"சார், கீழே பார்க்கணுமாம்."

"முட்டி போட்டு வேடிக்கை காட்டறதுக்கா சம்பளம்? இவளுக்கு வேலை செய்யறதை விட நடிக்கிறது நல்லா வருது. போடச் சொல்லு."

"கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்றாரு, நஸ்ரின்."

நஸ்ரின் டார்ச்சைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள். பிறகு முகமூடிக்குள் சிரித்தாள், கண் சுருங்கியது. "சீக்கிரம்தானே? போட்டுடறேன். அப்படியே ஏதாவது ஆனாலும் என்ன ஆகப் போகுது? இன்னொரு தடவை பேலட், இன்னும் ரெண்டு விசில். எனக்கும் முட்டி வலிக்குது."

"நஸ்ரின், இரு. ஒண்ணு கேளு..."

"என்ன குசுகுசுப்பு?" பத்ரிநாராயணன் இரண்டடி முன்னால் வந்தார். "நான் சொன்னதை மட்டும் சொல்லு. உன் சொந்தக் கதையை வீட்ல வெச்சுக்கோ. உன்னையும் அந்தக் கட்டைமேல ஏத்தணுமா?"

மரியபுஷ்பத்தின் வாய் மூடிக்கொண்டது. மூடு என்று அவள் சொல்லவில்லை, தானாக மூடிக்கொண்டது.

"என்ன பாஜி, சொல்லு?"

"ஒண்ணுமில்லை. போடு."

நஸ்ரின் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு மணிவாக்கில் அஸ்வினியின் கையில் சர்க்கரை மாத்திரையின் காகிதம் ஒன்று வந்தது. அவள் பெல்ட்டைப் பார்த்தாள், பேலட்டைப் பார்த்தாள், மடித்துக் கோட்டுக் கைக்குள் செருகிக்கொண்டாள். ஒன்றுதானே என்று நினைத்தாள். ஒன்றல்ல. திங்கட்கிழமை குவாலிட்டி ஆட்கள் சீல் வைத்த பெட்டிகளில் சிலவற்றைப் பிரித்தபோது ஏழில் தப்பான காகிதம் இருந்தது.

*

எச்.ஆர். அறையில் நான்கு பேர். ரஷ்மிக்கு இந்தி தெரியும். மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை. மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டது ரெஜிஸ்டரில் இருந்த கையெழுத்துக்காக.

"மூணாவது தடவை தப்பு நடந்தா வேலை போகும்னு உங்களுக்கு ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்திருக்கு, நஸ்ரின்ஜி."

"எப்போ மேடம்? எனக்கு யாரும் சொல்லலையே."

ரஷ்மி ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை இந்தியில் படித்தாள். விரலைக் கீழே கொண்டு போனாள். "இது யாருடைய கையெழுத்து?"

"என்னுது மேடம்" என்றாள் மரியபுஷ்பம்.

நஸ்ரின் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"நீங்க இவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் ரஷ்மி. கேட்ட விதம் கடுமையாக இல்லை. சொல்லவில்லை என்று சொல்வதற்கு ஒரு சின்ன இடம் அந்தக் குரலில் இருந்தது.

பத்ரிநாராயணன் நாற்காலியில் சாய்ந்தபடி தமிழில் சொன்னார். அறையில் வேறு யாருக்கும் புரியாத தமிழ். "சொல்லாம கையெழுத்துப் போட்டேன்னா, அது பொய்க் கையெழுத்து. ரெண்டு கார்டா வாங்கிடுவேன். யோசிச்சுப் பேசு."

"சார் என்ன சொன்னாரு?" என்றாள் ரஷ்மி.

"யோசிச்சுச் சொல்லச் சொல்றாரு."

"சரி, சொல்லுங்க. நஸ்ரின்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

மேஜை மேல் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய காலண்டர் தாள் இருந்தது. மரியபுஷ்பம் அதில் இருந்த தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன் மேடம்."

நஸ்ரின் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினாள். கயிறு தலைத் தொப்பியில் மாட்டிக்கொண்டது. அவளே நிதானமாக விடுவித்து மேஜைமேல் வைத்தாள்.

கேட்டுக்கு வெளியே மரியபுஷ்பம் ஓடிப்போய்ப் பிடித்தாள். "நஸ்ரின், நில்லும்மா."

நஸ்ரின் நின்றாள்.

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் நான்... அன்னிக்கு நீ சாப்பிடாம உட்கார்ந்திருந்தே..."

"என் மனசை யாரு உன்னைப் பார்த்துக்கச் சொன்னா?" நஸ்ரின் கத்தவில்லை. "நீ சொல்லியிருந்தா நான் கீழே குனிஞ்சு பார்த்திருப்பேன் பாஜி. அவ்வளவுதான். அவரு தலைமேல நின்னாலும் முட்டி போட்டுப் பார்த்திருப்பேன். பத்து நிமிஷம்."

"தெரியும்."

"இத்தனை நாளா அவரு நிஜமா என்னதான் சொல்லிட்டிருந்தாரு?"

மரியபுஷ்பம் வாயைத் திறந்தாள்.

"நக்கோ, வேண்டாம்" என்றாள் நஸ்ரின். "இனிமே எதுக்கு? உன்கிட்டயே வெச்சுக்கோ."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்பக்கமாகவே உட்கார்ந்தாள்.

வீட்டில் வெஸ்லி கேட்டார். "எங்கிட்டயாவது தமிழ்ல சொல்லு, என்ன ஆச்சு?"

அவள் எந்த மொழியிலும் சொல்லவில்லை.

*

"நாளையிலேருந்து நீதான் செக்கர்" என்று பத்ரிநாராயணன் அன்றே சொல்லியிருந்தார். "எனக்குச் சென்னையில மூணு நாள் வேலை. நான் வர்ற வரைக்கும் லைன் உன் பொறுப்பு. பெல்ட் நின்னா உன் பேர்லதான் எழுதுவேன்."

"சரி சார்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மீட்டிங் இல்லை. பேலட் மட்டும் நடுவில் கிடந்தது. எடுத்து ஓரமாகப் போட யாருக்கும் தோன்றவில்லை. இருபது பெண்களும் பேசாமல் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். விசில் எத்தனை என்று கேட்க ஆள் இல்லை. நஸ்ரின் நிற்கிற இடத்தில், பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில், மரியபுஷ்பம் நின்றாள். டார்ச் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு அஸ்வினி கையைத் தூக்கினாள்.

மாதக்கணக்காக அந்த அறையில் யாரும் தூக்காத கை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுது வீங்கிய கண்ணோடு அஸ்வினி இன்னொரு கையில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எண் பாதி அழிந்திருந்தது. குக்கர் ஊரில் இல்லை, அக்காதான் இருக்கிறாள் என்ற தைரியத்தில் தூக்கிய கை அது.

மரியபுஷ்பத்தின் விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே போனது. பெல்ட் நின்றால் பலகையில் இன்றைய கட்டம் பூஜ்யமாக இருக்காது. அதன் கீழே ஒரு கையெழுத்து வேண்டும். அவளுடைய கையெழுத்து.

விரலை எடுத்துக்கொண்டாள். நடந்து போய் அஸ்வினியின் தலைமேல் நின்றாள்.

"கண் இருக்கு, கை இருக்கு" என்றாள். நல்ல தெலுங்கு, ஒரு சொல் விடாமல், ஒரு சொல் சுருக்காமல். "தலைக்குள்ள என்ன இருக்கு, சாணியா? நாலு எருமையைக் கொண்டு வந்து இங்க கட்டியிருந்தா, இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும்."

கழுத்தில் நரம்பு புடைத்து இழுப்பது அவளுக்கே தெரிந்தது.

அஸ்வினியின் கை கீழே இறங்கியது. அவள் அழவில்லை. பெட்டியைத் தட்டையாக மடித்துக் கோட்டுக் கைக்குள் செருகினாள். அடுத்த பெட்டி வந்தது, எடுத்தாள். அதற்கடுத்தது. மரியபுஷ்பம் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, தலை நிமிராமல் கேட்டாள்.

"அக்கா, சார் இத்தனை நாளாச் சொல்லிட்டிருந்தது இதுதானா?"

"ஹவ், இதுதான்" என்றாள் மரியபுஷ்பம்.

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.